வாடகை அறையில் நிறை குறைத்தல்

கொக்குவிலில் அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைகளிடம் ஏன் நிறை குறையவில்லை என்று கேட்டால், "வாய்க்கட்டுப்பாடு இல்லை" என்பார்கள். இல்லாவிட்டால் "நேரமில்லை" என்பார்கள். இரண்டிலும் குற்றம் அவர்கள் தலையிலேயே விழுகிறது. அம்மாமார், மாமிமார், ஜிம்மில் சொல்லிக்கொடுக்கிறவர், யூரியூப்பில் பேசுகிற வைத்தியர் எல்லாருடைய தீர்ப்பும் அதேதான். இது பற்றி உலகில் நடந்த ஆய்வுகளை ஒரு பக்கமும் இந்த ஊரின் கடை, வீதி, வாடகை வீடு ஆகியவற்றை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது வேறு. நிறை குறைப்பது பற்றி எழுதப்படுகிற ஆலோசனைகளில் பெரும்பகுதி, சொந்தமாக ஒரு அடுப்பு உள்ள ஆளை நினைத்து எழுதப்பட்டவை. கொக்குவில் அறையில் அடுப்பு இல்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் ஒரு வளாகமாகத் தொடங்கியது. மருத்துவ பீடம் 1978இல் வந்தது. அது இருப்பது கொக்குவில் ஆடியபாதம் வீதியில். தொழில்நுட்பக் கல்லூரியும் பக்கத்திலேதான். விடுதி இடங்கள் பெரும்பாலும் முதலாம் ஆண்டுக்காரருக்கும் கடைசி ஆண்டுக்காரருக்கும் போய்விட, நடுவில் நிற்பவர்கள் கொக்குவில், கொண்டாவில், திருநெல்வேலி வீடுகளில் அறை தேடுகிறார்கள். மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு, மலையகம், குருநாகல், காலி என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒரு காலத்தில் சுருட்டுக்குப் பெயர்போன ஊர், இப்போது அறை வாடகையிலும் கொஞ்சம் பிழைக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் இதே நேரத்தில் பேராதனையிலும் மொறட்டுவையிலும் வந்தாறுமூலையிலும் யாரோ ஒருவருடைய வீட்டு அறையில் இருக்கிறார்கள். ஆகவே இது இரு வழிக் கதை.

முதலில், வீட்டை விட்டுப் படிக்கப் போனால் உடம்பு வைக்கும் என்பது உண்மையா? அமெரிக்காவில் இதற்கு ஒரு கணக்கே உண்டு: முதலாம் ஆண்டில் பதினைந்து இறாத்தல், அதாவது ஏறக்குறைய 6.8 கிலோ. 1989இல் இளம்பெண்களுக்கான ஒரு சஞ்சிகையின் அட்டையில் ஏறிப் பிரபலமான இந்த எண்ணுக்கு ஆய்வு ஆதாரம் அன்று எதுவும் இருக்கவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளிவந்த பகுப்பாய்வில், முதலாம் ஆண்டு மாணவர் கூட்டிய நிறை சராசரி 1.36 கிலோ. நிறை கூடியவர்கள் பத்தில் ஆறு பேர். அவர்களை மட்டும் எடுத்தால் சராசரி 3.38 கிலோ. 2011இல் வந்த இன்னோர் ஆய்வு கல்லூரிக்குப் போனவர்களையும் போகாத அதே வயதுக்காரரையும் ஒப்பிட்டது. போனவர்களுக்குக் கூடியது அரை இறாத்தல்தான் அதிகம். கல்லூரியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது, அந்த வயதுக்கும் பங்கு உண்டு என்பதுதான் இதன் பொருள்.

இந்த எண்களை அப்படியே கொக்குவிலுக்குக் கொண்டுவரவும் முடியாது. அமெரிக்கப் பிள்ளை பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போகிறது. இங்கே ஏஎல் எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவுக் கடிதம் வருவதற்கிடையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. பலர் இரண்டாம் தரமோ மூன்றாம் தரமோ எழுதியவர்கள். கம்பஸ் வாசலை மிதிக்கும்போது வயது இருபது, இருபத்தொன்று. அதற்கு முன்பு என்ன நடந்தது? பள்ளிக்கூடம் விட்டதும் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன், வாங்கில் நெருக்கி உட்கார்ந்து இருட்டும்வரை பாடம், இடைவேளையில் பணிசும் சோடாவும், வீட்டுக்கு வந்தால் "படிக்கிற பிள்ளை" என்று கோப்பை நிறையப் புட்டு. விளையாட்டு மைதானத்தைப் பத்தாம் வகுப்போடு மறந்தவர்கள் எத்தனையோ பேர். என் கணிப்பில், கம்பஸ் காலத்தில் கண்ணாடியில் தெரியும் வயிறு பாதிக்கு மேல் ரியூசன் கொட்டிலில் வந்தது. அறை வாழ்க்கை அதை இறங்கவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, எந்த நிறை கூடின நிறை? உடற்திணிவுச் சுட்டி 25ஐத் தாண்டினால் அதிக நிறை என்பது பொது அளவு. ஆசியர்களுக்கு நோய் ஆபத்து அதற்கு முன்னரே தொடங்குவதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் 23ஐயும் 27.5ஐயும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகக் குறித்தது. அதே ஆண்டில் லான்செற் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் சுட்டி 22.3. உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தராசு இருவரையும் ஒன்றென்று சொல்லியது. தெற்காசியரின் நிலைமையை விளக்க இதைவிடச் சுருக்கமான சான்று நான் பார்த்ததில்லை. மெல்லிய கை கால், முன்தள்ளிய வயிறு என்ற நம் ஊர் உருவத்துக்குள் இருப்பது அந்த 21.2 வீதம்தான். 2018–19இல் நடந்த இலங்கை நலமும் முதுமையும் பற்றிய ஆய்வில் வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். ஏறக்குறைய நாலு பேரில் ஒருவர்.

ஆகவே மாணவனுக்கு முக்கியமான கருவி தராசைவிட தையல்காரரின் அளவு நாடா. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்ணுக்கு 80க்கும் கீழே இருக்க வேண்டும் என்பது தெற்காசியருக்கான வரையறை. இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் "உடம்பு குறைக்க வேணும்" என்று சாப்பாட்டை விடுகிற மாணவிகளில் கணிசமானோருக்குக் குறைக்க எதுவும் இல்லை. ஒரே கன்ரீன் மேசையில் நிறை கூடினவரும், இரத்தச்சோகையோடு நிறை குறைந்தவரும் ஒரே பார்சலைத்தான் பிரிக்கிறார்கள். இந்த நாட்டின் போசணைப் பிரச்சினை அந்த இரண்டு தலையும் கொண்டது.

இனி அறைக்குள் போவோம். காலை எட்டு மணி விரிவுரைக்கு ஏழரைக்கு எழும்புகிறவன் வெறும் வயிற்றோடு ஓடுகிறான். பத்து மணிக்கு கன்ரீனில் ஒரு பிளேன்ரீ, ஒரு றோல்ஸ் அல்லது பற்றிஸ். மத்தியானம் சோத்துப் பார்சல். பின்னேரம் இன்னொரு ரீ, கையில் கிடைத்த வடை. இரவு எட்டு, எட்டரைக்கு கடையில் கொத்து. கடை பூட்டினால் அறையில் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து நூடில்ஸ். பன்னிரண்டு மணிக்குப் படிப்பு உச்சத்தில் இருக்கையில் கிறீம் கிறாக்கரும் மறுபடி ரீயும். பசிக்கு வேண்டியதை இந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள்: முட்டை, மீன், இலைக்கறி, பழம் எல்லாம் ஓரத்தில், மாவும் எண்ணெயும் சீனியும் நடுவில்.

பார்சலின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. சோறு எல்லாருக்கும் ஒரே அளவு. கட்டியவர் மேசன் வேலைக்காரனின் பசியை நினைத்துத்தான் அள்ளிப் போட்டிருப்பார். விலையை ஏற்றுவது மரக்கறியா, முட்டையா, மீனா, கோழியா என்பது. கையில் காசு குறைந்த பிள்ளைக்குக் கிடைப்பது நிறையச் சோறு, ஒரு பருப்பு, ஒரு சம்பல், கொஞ்சம் வறை. பசியை அடக்கி வைக்கிற புரதம்தான் பார்சலில் மிக விலை கூடியது. மஹாபொல உதவித்தொகை நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாவாக நின்று, 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக ஏறியது. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 250. அதில் மூன்று வேளையும் அடங்க வேண்டும், போட்டோக்கொப்பிக் காசும் அடங்க வேண்டும். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அன்று வேளை தவறவிட்டவர்கள் பலர். அந்த நாட்களில் சிலர் மெலிந்ததை யாரும் நிறை குறைப்பு என்று சொல்லமாட்டார்கள்.

பிளேன்ரீயில் கொஞ்சம் தங்கி நிற்க வேண்டும், ஏனென்றால் எல்லாரும் கொத்தைத் திட்டிவிட்டு ரீயை விட்டுவிடுகிறார்கள். மூன்று கரண்டி சீனி போட்ட ரீ நாளுக்கு நாலு என்றால் பன்னிரண்டு கரண்டி. கரண்டிக்கு நாலு கிராம் என்று குறைத்தே வைத்தாலும் 48 கிராம், 190 கலோரிக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் விரும்புகிற மேலெல்லை நாளுக்கு ஏறக்குறைய 25 கிராம். இலங்கை அரசு 2016 ஓகஸ்டில் குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறி கட்டாயம் என்றது. 2017 நவம்பரில் அவற்றிலுள்ள சீனிக்கு வரியும் போட்டது. தேநீர்க்கடைக் கிளாசில் எந்த நிறமும் ஒட்டுவதில்லை.

ஏன் சமைக்கக் கூடாது? அறையில் றைஸ் குக்கரை வீட்டுக்காரர் விடமாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. அலகு கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறுகிற கட்டண முறையில், ஒரு குக்கர் வீட்டின் முழுப் பில்லையும் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். அதனால் "அயன் பெட்டி கிழமைக்கு ஒருநாள், குக்கர் கூடாது, கேத்தல் பரவாயில்லை" என்று சட்டம் வந்தது. கேத்தல் பரவாயில்லை என்ற அந்த ஒரு சலுகையில் பிறந்ததுதான் அறை நூடில்ஸ். கெவின் ஹோல் என்ற ஆய்வாளரின் குழு 2019இல் அமெரிக்காவில் இருபது பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தது. இரண்டிலும் சீனி, கொழுப்பு, நார் எல்லாம் சம அளவாகவே முன்வைக்கப்பட்டன, வேண்டியமட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளுக்கு 508 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், நிறையும் 0.9 கிலோ ஏறியது. அந்த இருபது பேருக்கும் வாய்க்கட்டுப்பாடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து போனதா என்ன?

வீதிக்கு வருவோம். 1990இல் போர் மறுபடி தொடங்கி எரிபொருள் தடை வந்தபோது குடாநாடே சைக்கிளில் ஏறியது. பேராசிரியரும் சைக்கிள், மாப்பிள்ளையும் சைக்கிள், நோயாளியும் சைக்கிள். மின்சாரம் இல்லாத இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. அந்தக் காலத்துக் கம்பஸ் படங்களில் தொந்தியைத் தேடினால் கிடைக்காது. சாப்பாடும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2002இல் ஏ9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடி ஊர் மீண்டும் வரிசையில் நின்றது. போர் முடிந்த பிறகு லீசிங் கொம்பனிகள் வந்தன, ஸ்கூட்டி வந்தது. கொக்குவில் சந்தியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் பத்து நிமிடத் தூரம். அதற்கும் இன்று மோட்டார்சைக்கிள். 2022இல் பெற்றோல் வரிசை ஊர் சுற்றியபோது சைக்கிள்கள் சில மாதம் திரும்பி வந்தன, எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்ததும் பழையபடி தாழ்வாரத்துக்குப் போயின.

பேராதனைக்குப் போன கொக்குவில் பிள்ளை இந்த விடயத்தில் அதிர்ஷ்டசாலி; விடுதிக்கும் விரிவுரைக்கும் இடையில் மலை நிற்கிறது, கேட்காமலே ஏறி இறங்க வேண்டும். யாழ்ப்பாணத் தரையோ தட்டைத் தரை. இங்கே நடப்பதென்றால் நடப்பதற்கென்றே வெளிக்கிட வேண்டும். ஆண் பிள்ளைகள் விடிய நல்லூர் வீதியில் ஓடலாம். பெண் பிள்ளைக்கு விரிவுரை முடியும்போது ஐந்து மணி, ஆறரைக்கு இருட்டு, வீட்டுக்காரம்மா படலையைப் பூட்ட நிற்பார். குளப்பிட்டிச் சந்தியிலோ கலட்டிச் சந்தியிலோ தனியே வேகமாக நடக்கிற பெண்ணைப் பார்த்து, "எங்க பிள்ளை அவசரமா?" என்று ஒருவராவது கேட்பார். ஜிம்களில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்குகிற வழக்கம் வந்திருப்பது நல்லதுதான். மாதக் கட்டணம் மஹாபொலவுக்குள் அடங்க வேண்டுமே.

பிறகு சனம். பசி கண்ட ஊரில் உடம்பு வைத்தல் செல்வத்தின் அடையாளம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போன பிள்ளையைப் பார்த்ததும் அம்மா, "என்னடா, எலும்பும் தோலுமா வந்திருக்கிறாய்" என்பார், பிள்ளை நாலு கிலோ கூடியிருந்தாலும். திரும்பி வரும்போது பையில் எள்ளுப்பாகு, பருத்தித்துறை வடை, பயற்றம் பணியாரம். அறைக்குள் நாலு பேர் பகிர்ந்து சாப்பிட்டால் அன்போடு போய்விடும். தனியே இருக்கிறவனுக்கு அது பரீட்சைக் காலத்து இரவுத் தீனி. ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறொன்ரோவிலிருந்து வரும் சித்தி எதிர்ப்பக்கமாகப் பேசுவார்: "உனக்கு இந்த வயசிலயே வண்டி. அங்கத்தையப் பிள்ளைகளைப் பார்." ஒரே பிள்ளை ஒரே மாதத்தில் இரண்டையும் கேட்கிறது.

பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கத்தக்கதாகவே, உடம்பைப் பிடித்துப் பட்டம் வைப்பது ஓயவில்லை. முதல் கிழமையில் விழுந்த பட்டப்பெயர் பட்டமளிப்பு விழாவரை வரும். அவமானம் மெலியவைக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டப்பெயர் விழுந்தவர் செய்கிற முதல் வேலை மைதானத்துக்கும் நீச்சலுக்கும் போகாமல் விடுவது, இரண்டாவது வேலை கூட்டத்தோடு சாப்பிடாமல் அறைக்குள் தனியே சாப்பிடுவது.

இவ்வளவையும் தாண்டி ஒருவர் குறைக்கத் தொடங்கினால் உடலே எதிர்த்து நிற்கிறது. 1944–45இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். அரைவயிறு என்றாலும் நாளுக்கு 1,500 கலோரிக்கு மேல் கொடுத்தார். அவர்கள் நிறையில் காற்பங்கு இழந்தார்கள். அதோடு கனவிலும் பேச்சிலும் சாப்பாடே நிறைந்தது, கோப்பையை நக்கினார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், எதிலும் மனம் ஒன்றவில்லை. இதைப் படித்த பிறகு, பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் நாளுக்கு 800 கலோரி என்று தொடங்குகிற பிள்ளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. 2016இல் வந்த இன்னோர் ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிறை குறைப்புப் போட்டியில் கலந்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்துத் திரும்ப அளந்தது. பெரும்பாலோருக்கு நிறை திரும்பிவிட்டது. ஆனால் சும்மா இருக்கையில் உடல் செலவழிக்கும் சக்தி எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைந்தே கிடந்தது.

கந்தசஷ்டியின் ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்து மூன்று கிலோ குறைத்த கதை ஒவ்வொரு ஐப்பசியிலும் கேட்கலாம். விரதத்தின் பலனை முருகனிடம் விடுவோம். அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீரும் ஈரலில் சேமித்த மாச்சத்தும்; பாறணைச் சாப்பாட்டோடு திரும்பத் தொடங்கும்.

நித்திரையைப் பற்றி அறைகளில் யாரும் பேசுவதில்லை. 2010இல் சிக்காகோவில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. பத்துப் பேர், இரண்டு வாரம் எட்டரை மணி நேரப் படுக்கை, இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம், சாப்பாடு ஒரே அளவு. இரண்டு முறையும் நிறை ஒரே அளவில்தான் குறைந்தது. ஆனால் நித்திரை குறைந்த இரண்டு வாரத்தில் குறைந்த நிறையில் கொழுப்பின் பங்கு 55 வீதத்தால் வீழ்ந்தது, போனது தசை. விடிய இரண்டு மணிவரை படித்துவிட்டு ஐந்துக்கு எழும்பி ஓடுகிற மருத்துவ பீடத்துப் பிள்ளைக்கு நான் சொல்லக்கூடியது, ஓட்டத்தை விட்டுவிட்டுப் படுங்கோ என்பதுதான்.

எந்த உணவுமுறை நல்லது என்ற சண்டையை விரைவாகக் கடக்கலாம். 2018இல் 609 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஸ்ரான்போர்ட் ஆய்வில் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் மாச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள்; வித்தியாசம் என்று சொல்ல ஏதுமில்லை. செமாகுளுரைட் ஊசி 68 வாரத்தில் நிறையைச் சராசரி 14.9 வீதம் குறைத்ததாக 2021இல் வந்த ஆய்வு உண்மையானதே, ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதும் உண்மையே. அது நோயாக முற்றிய பருமனுக்கு வைத்தியர் எழுதுகிற மருந்து. பேஸ்புக்கில் விற்கிற மூலிகைத் தேநீர், கொழுப்புக் கரைக்கும் தூள், வயிற்றால் போகவைக்கும் மாத்திரை எதற்கும் இங்கே இடம் கொடுக்கப் போவதில்லை. மாதவிடாய் ஒழுங்கு தவறி நிறை திடீரென்று ஏறினால், அல்லது எப்போதும் களைப்பும் குளிருமாக இருந்தால் சூலகத்தையும் தைரொயிட்டையும் பார்க்க வேண்டும். அதற்குப் பல்கலைக்கழக வைத்தியரிடமே முதலில் போகலாம்.

அடுப்பில்லாத அறையில் என்னதான் நடக்கும்? ஹோலின் 2011ஆம் ஆண்டுக் கணக்கு இங்கே கைகொடுக்கிறது. நாளுக்கு 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் நிறை கடைசியில் ஏறக்குறைய ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி முதல் வருடத்தில், மீதி அடுத்த இரண்டு வருடத்தில் என்று மெல்ல. அந்த நாலு பிளேன்ரீயிலும் மூன்று கரண்டியை ஒன்றாக்கினால் நாளுக்கு 128 கலோரி மிச்சம். மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால் ஐந்து கிலோவுக்கு மேல், முதல் வருடத்தில் இரண்டரை. காசு செலவில்லை, மிச்சம்கூட வரும். கவர்ச்சி இல்லாத இந்தக் கணக்கைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் நாலு வருடப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேகம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு பார்சலை இரண்டு பேர் பிரித்து, மிஞ்சும் காசுக்கு ஆளுக்கு ஒரு முட்டையோ மீன்துண்டோ வாங்குவது இன்னொரு வழி. அறைத்தோழர் ஒத்துக்கொண்டால் வாரக்கணக்காக ஓடும். திருநெல்வேலிச் சந்தை நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. வெள்ளரிக்காய், கரட், தக்காளி, கொய்யா, கப்பல் வாழைப்பழம் எதற்கும் அடுப்பு வேண்டாம். பயறு ஊறவைத்து முளைகட்டத் துணி போதும். பின்னேர வடைக்குப் பதில் அவித்த கடலை, இரவுக் கொத்துக்குப் பதில் ஏழு மணிக்கே இடியப்பமும் சொதியும் சம்பலும். பலாலி வீதிப் பக்கத்தில் மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகம் இருக்கிறது. குரக்கனும் இலைக்கஞ்சியும் கண்முன்னே சமைத்துத் தருவார்கள். ஒரே குறை, பசி கூடுகிற இரவு எட்டரை மணிக்கு அங்கே போய் நிற்க முடியாது.

குக்கர் விடயத்திலும் பேச இடமிருக்கிறது. 700 வாற் குக்கர் அரை மணி நேரம் வேலை செய்தால் 0.35 அலகு, மாதம் முழுக்க நாளுக்கு ஒருதரம் வைத்தால் பத்து அலகுதான். நாலு பேர் சேர்ந்து அதற்கு மேலாகவே ஒரு தொகையை வாடகையோடு கட்டுகிறோம் என்று முன்கூட்டிச் சொன்னால் சம்மதிக்கிற வீட்டுக்காரர் கொக்குவிலில் இருக்கிறார்கள். இதைப் பிள்ளைகள் தனித்தனியே கெஞ்சுவதைவிட மாணவர் ஒன்றியம் பேசலாம்; அறை வாடகை பற்றிப் பேசுகிற ஒன்றியத்துக்கு அடுப்பைப் பற்றியும் பேசத் தெரியும். மருத்துவ பீடத்து உயிரிரசாயனவியல் துறையில் பேராசிரியர் வசந்தி அரசரத்தினமும் அவரோடு வேலைசெய்தவர்களும் இந்த மண்ணின் சாப்பாடுகள் இரத்தச் சீனியை எவ்வளவு ஏற்றுகின்றன என்று நெடுங்காலமாக அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்த வேலை நடந்த பீடத்துக்கும் பார்சல் கட்டுகிற கடைக்கும் இடையில் ஒரு மதில்தான். கன்ரீன் ஒப்பந்தம் எழுதும்போது சோறு குறைந்த, முட்டையும் இலைக்கறியும் கூடிய ஒரு பார்சலை மலிவு விலையில் வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதற்கு அறிவு இல்லாமல் இல்லை.

கடைசியாக ஒரு விடயம். ஒல்லாந்தில் 1944–45 பஞ்சத்தின்போது கருவில் முதற்பாதியைக் கழித்த ஆண்களைப் பத்தொன்பது வயதில் படைச்சேர்ப்பின்போது அளந்தார்கள். அவர்களிடையே பருமன் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்ததாக 1976இல் ஆய்வு வெளிவந்தது. தாயின் பசி பிள்ளையின் உடலில் இருபது ஆண்டு கழித்து வேறு உருவத்தில் தெரியலாம் என்ற சந்தேகம் அங்கிருந்துதான் வலுத்தது. வன்னியில் 2008–09இல், போரின் கடைசிக் கட்டத்தில், கருவில் இருந்தவர்கள் இப்போது ஏஎல் வகுப்பு வயதில் இருக்கிறார்கள். இன்னும் நாலைந்து வருடத்தில் அவர்களில் ஒரு பகுதியினர் ஆடியபாதம் வீதிக்கும் இராமநாதன் வீதிக்கும் அறை தேடி வருவார்கள். பல்கலைக்கழகத்தில் சேரும்போது ஒவ்வொரு மாணவருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. உயரமும் நிறையும் படிவத்தில் எழுதப்படுகின்றன. அதோடு இடுப்புச் சுற்றளவையும் எழுதி, மூன்றாம் ஆண்டில் ஒருதரமும் பட்டம் பெற்றுப் போகையில் ஒருதரமும் அதே ஆட்களை மறுபடி அளக்கலாம். தேவைப்படுவது ஒரு தராசும் ஒரு நாடாவும், மருத்துவ பீடத்து மாணவர் சிலரின் இரண்டு நாள் நேரமும். அந்த வன்னிப் பிள்ளைகள் வருவதற்குள் தொடங்கிவிட்டால், பிறகு வருகிறவர்களோடு ஒப்பிட இப்போதிருப்பவர்களின் அளவுகள் கையில் இருக்கும்.